சென்னைக்கு டிக்கெட் எடுக்கும் முன்

அந்தமானின் பத்துபஸ்தியில் ஒரு வீட்டில் யாருக்காவது நெஞ்சுவலி என்றால், ஜி.பி. பந்த் மருத்துவமனையில் முதல் சிகிச்சை முடிந்ததும் குடும்பத்தின் பேச்சு சென்னைக்குப் போய்விடும். எந்த ஆஸ்பத்திரி, துணைக்கு யார் போவது, அங்கே யார் வீட்டில் தங்குவது, இன்றைக்கு விமான டிக்கெட் என்ன விலை? நடுவில் ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் கடல் கிடக்கிறது. கப்பலில் போனால் மூன்று நாள். சிறுநீரகம் பழுதாகி மாற்றுச் சிகிச்சை என்ற நிலை வந்துவிட்டால், சென்னையிலோ வேலூரிலோ மாதக்கணக்கில் வீடு எடுத்துத் தங்க வேண்டியிருக்கும். நோயாளி ஒருவர் போனாலும் செலவு முழுக் குடும்பத்துக்கும்தான். துணைக்குப் போகிறவரின் வேலை, பிள்ளைகளின் படிப்பு, சேர்த்து வைத்த நகை என்று எல்லாவற்றிலும் அது கை வைக்கும்.

தீவில் மருத்துவ வசதி முன்பைவிட வளர்ந்திருக்கிறது. 2015 முதல் இங்கே ஒரு மருத்துவக் கல்லூரியே இயங்குகிறது. ஆனாலும் சர்க்கரை, ரத்த அழுத்தம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றை வராமல் தடுப்பது என்பது மதுரைக்காரருக்கும் கோவைக்காரருக்கும் உள்ளதைவிடப் பல மடங்கு அவசரமான காரியம், கடலால் சூழப்பட்ட நமக்கு. அங்கே ஆம்புலன்ஸ் அரை மணி நேரத்தில் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும். இங்கிருந்து அப்படிப் போக முடியாது.

அந்த அவசரம் நம் உடம்பில் தெரிகிறதா? 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வைப் பாருங்கள். உயரத்துக்கு மிஞ்சிய எடை உள்ள ஆண்கள் நாடு முழுவதும் 22.9 சதவீதம். அந்தமான் நிக்கோபாரில் 45.3 சதவீதம். இந்தப் பட்டியலில் நாட்டிலேயே முதலிடம் நம் தீவுகளுக்கு. பெண்களில் இது 38 சதவீதம். ‘மிஞ்சிய எடை’ என்றதும் பெரிய தொந்தியோடு ஒருவரைக் கற்பனை செய்ய வேண்டாம். 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆண் 72 கிலோவைத் தாண்டினாலே இந்தக் கணக்கில் வந்துவிடுவார். அதே ஆய்வின்படி, இங்கே பாதிக்கும் மேற்பட்ட ஆண்கள் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துகிறார்கள். பெண்களில் பத்துக்கு மூன்று பேர்.

பரம்பரையா?

“எங்க அப்பாவுக்கும் இருந்துச்சு, எனக்கும் வந்துருச்சு” என்று சொல்லிவிட்டுப் பலர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பரம்பரைக்குப் பங்கு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பரம்பரை மட்டும் இதைச் செய்யாது என்பதற்கு நம் தீவுக்கூட்டத்துக்குள்ளேயே சாட்சி இருக்கிறது.

பத்துபஸ்திக்குப் பக்கத்து டாலிகஞ்சில், 1983இல் தொடங்கப்பட்ட ஐ.சி.எம்.ஆர். மண்டல மருத்துவ ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இதன் விஞ்ஞானிகள் பங்கேற்ற ஆய்வு ஒன்று 2011இல் வெளியானது. கார் நிக்கோபார் தீவின் நிக்கோபாரி மக்களின் ரத்த அழுத்தத்தை அது அளந்தது. பரிசோதித்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. தென்னையும் கடலும் காற்றும் சூழ்ந்த ஒரு தீவின் பழங்குடி மக்களிடம் இந்த நிலைமை.

தாழம்பழ மாவும் தேங்காயும் கிழங்கும் மீனும் பன்றி இறைச்சியும் உண்டு வளர்ந்த சமூகம் அது. மரம் ஏறுவதும் தோணி வலிப்பதும் தோட்டம் போடுவதும் அன்றாட வேலை. அந்தத் தட்டில் அரிசியும் சர்க்கரையும் எண்ணெயும் மெல்ல மெல்ல நுழைந்தன. 2004 டிசம்பர் 26இல் சுனாமி தென்னந்தோப்புகளை அடித்துக்கொண்டு போனபின், நிவாரண மூட்டைகளாக அவையே பிரதான உணவாகவும் ஆயின. உயிர் காக்க வந்த மூட்டைகள் அவை, குறை சொல்ல ஒன்றுமில்லை. காரணம் ஒன்றே ஒன்று என்று சொல்வதும் சரியாகாது. மது, புகையிலை, மாறிப்போன வேலை எல்லாம் சேர்ந்திருக்கின்றன. ஆனால் ஒரு மக்கள்கூட்டத்தின் ரத்தம் இரண்டு தலைமுறையில் மாறிவிடுவதில்லை. சாப்பாடும் வேலையும் மாறிவிடும். மாறியதும் அவைதான்.

நம் கதையும் ஏறக்குறைய இதுதான். பத்துபஸ்தி, கராச்சரமா, ஜங்லிகாட் என்று இங்கே வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களில் பலவற்றின் முதல் ஆள் கூலி வேலைக்கு வந்தவர். சாலை போட்டார், கப்பல் சரக்கு ஏற்றி இறக்கினார், கட்டட வேலைக்கு மண் சுமந்தார். ஒரு குண்டான் சோறு அவருக்குத் தேவைப்பட்டது, சாயங்காலத்துக்குள் அது எரிந்தும் போனது. அவர் பிள்ளை அரசு அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார். பேரன் பக்கத்துத் தெருக் கடைக்கும் ஸ்கூட்டரில் போகிறான். அப்பாவின் உழைப்பு போய்விட்டது, அப்பாவின் சோற்றளவு மட்டும் அப்படியே நிற்கிறது. எரியாத மிச்சம் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பாகச் சேர்கிறது. இந்தியர்களின் உடல்வாகில் இது இன்னும் மோசம். கை கால் மெலிந்திருக்கும், வயிறு மட்டும் முன்னால் வரும். அந்த வயிற்றுக் கொழுப்புதான் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுத்துச் சர்க்கரை நோய்க்கு வழி திறக்கிறது.

ஒரு நாள் தட்டு

ஒரு சராசரித் தமிழ் வீட்டின் சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம். எழுந்ததும் டீ. காலையில் ஐந்தாறு இட்லியும் தேங்காய்ச் சட்னியும். பதினொரு மணிக்கு டீ, பிஸ்கெட். மதியம் தட்டு நிறையச் சோறு, மீன் குழம்பு, ஓரமாக ஒரு கரண்டி பொரியல். நாலு மணிக்கு டீ, வடை. இரவில் மறுபடி சோறு, இல்லாவிட்டால் பரோட்டா. 2025இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் உணவு ஆய்வு, இந்தியர் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று கணக்கிட்டது. மேலே சொன்ன தட்டு அதற்குச் சற்றும் குறையாது.

முதலில் சர்க்கரை. ஒரு நாளைக்கு நாலு டீ, டீக்கு இரண்டு கரண்டி என்றால் எட்டுக் கரண்டி, கிட்டத்தட்ட 40 கிராம். இதில் பிஸ்கெட்டும் குளிர்பானமும் சேரவில்லை. உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. டீயைக் கைவிடச் சொல்லவில்லை. இந்த மாதம் டீக்கு ஒரு கரண்டி, அடுத்த மாதம் அரைக் கரண்டி என்று குறைத்துப் பாருங்கள், நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி என்று மாற்றிக்கொண்டு நிம்மதியாகிவிடுகிறவர்கள் உண்டு. ரத்தத்தில் சர்க்கரை ஏற்றுவதில் அவற்றுக்கும் வெள்ளைச் சர்க்கரைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

அடுத்தது உப்பு, தீவில் இது தனிப் பிரச்சினை. ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு ஐந்து கிராம், அதாவது ஒரு சின்னக் கரண்டி போதும். சோற்றில், குழம்பில், பொரியலில் போடும் உப்பே அதைத் தாண்டிவிடும். அதற்கு மேல் ஊறுகாய், அப்பளம், மழைக்கால நாட்களில் கருவாடு. உப்பு மிஞ்சினால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைக்கிறது, ரத்தக் குழாயில் அழுத்தம் ஏறுகிறது, சிறுநீரகம் இரவு பகலாகத் திணறுகிறது. கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றிக் கழுவினால் உப்பு கணிசமாக இறங்கும். குழம்பில் தனியாக உப்புப் போடாமல் இருக்கலாம். கருவாடு வைக்கும் நாளில் ஊறுகாய் வேண்டாம் என்ற ஒரு விதி போதும்.

சோடியம் குறைந்த உப்பு இப்போது கடைகளில் கிடைக்கிறது. சீன கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. சாதா உப்புக்குப் பதில் இதைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் இதில் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சில வகை பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

எண்ணெய்க்குச் சுலபமான கணக்கு இருக்கிறது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் மூன்று கிலோ. மளிகைச் சீட்டைப் பாருங்கள், உங்கள் வீட்டில் எவ்வளவு போகிறது என்று தெரிந்துவிடும். பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சும் கடைகளின் வடையையும் பூரியையும் இந்தக் கணக்கோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

சோற்றை விட்டுவிடு என்று ஒரு தமிழனிடம் சொல்வது வீண் வேலை. சொல்லவும் தேவையில்லை. தட்டில் பாதி காய், கீரை. கால் பாகம் மீன், பருப்பு, முட்டை, சுண்டல் இவற்றில் ஏதாவது. மீதிக் கால் பாகம் சோறு. இதைச் செய்ய ஒரு வரிசைமாற்றம் உதவும். நாம் முதலில் சோற்றைக் குவித்துவிட்டு மிச்ச இடத்தில் காயை வைக்கிறோம். காயையும் மீனையும் முதலில் பரிமாறிவிட்டு, மிச்ச இடத்தில் சோறு வைத்துப் பாருங்கள். இரண்டாம் முறை சோறு போடும் கையைப் பிடித்து நிறுத்துவது நம் வீட்டுப் பெண்களுக்குக் கஷ்டம்தான், அது அன்பின் அடையாளமாகவே ஊறிப்போன பழக்கம். அந்த அன்பை இரண்டாவது கரண்டி கூட்டாகப் போடலாமே.

சிறுதானியம் பற்றி ஒரு வார்த்தை. கேழ்வரகும் தினையும் நல்லவை. ஆனால் சோறு அளவுக்கே களியும் தின்றால் பலன் அதிகமில்லை. அளவு குறைய வேண்டும், அதுதான் முக்கியம். அதேபோல், தீவில் சுற்றுலாப் பயணிகளுக்கும் நமக்கும் சேர்த்து விற்கப்படும் நோனிச் சாறு சர்க்கரையைக் குணமாக்கும் என்று நிரூபித்த பெரிய ஆய்வு எதுவும் இல்லை. அதிலும் பொட்டாசியம் நிறைய. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு ஆபத்து. மாத்திரையை நிறுத்திவிட்டு நோனி குடிப்பது உயிரோடு விளையாடுவது.

கப்பல் தாமதமானால்...

“இங்கே காய்கறி விலை தெரியுமா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உருளையும் வெங்காயமும் தக்காளியும் பெருமளவு சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் கப்பலில் வருகின்றன. புயல் சின்னம் உருவாகிக் கப்பல் தாமதமானால் சந்தையில் விலை ஏறிவிடுகிறது. ஆப்பிளும் ப்ரோக்கோலியும் சாப்பிடச் சொல்லும் வடநாட்டு டயட் அட்டவணைகள் பத்துபஸ்தி வீட்டுக்கு உதவாது.

ஆனால் இந்த மண்ணில் எது கிடைக்கிறது என்று பாருங்கள். வருடத்துக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. சென்னையில் பெய்வதைப் போல இரண்டு மடங்கு. வேலியில் படரும் பசலை, கொல்லையில் முருங்கை, பொன்னாங்கண்ணி, பப்பாளி, வாழை, பர்மா தனியா. வெண்டை, கத்தரி, தட்டைப்பயறு, பாகல், சுரை எல்லாம் தீவிலேயே விளைகின்றன. பத்துபஸ்திக்குப் பக்கத்தில் கராச்சரமாவில் 1978 முதல் இயங்கும் மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், இந்த மழைக்கும் மண்ணுக்கும் தாங்கும் காய், கீரை வகைகளை உருவாக்குவதையும் ஒரு வேலையாகக் கொண்டது. கூப்பிடு தூரத்தில் இருக்கும் நிறுவனம். நம்மில் எத்தனை பேர் ஒரு விதைப் பொட்டலம் கேட்டு அந்த வாசலுக்குப் போயிருக்கிறோம்? நாலு பழைய வாளியில் மண் நிரப்பி, கீரை விதைத்தால் மூன்று நான்கு வாரத்தில் பறிக்கலாம். அதற்குக் கப்பல் வர வேண்டியதில்லை.

மீனுக்குக் கேட்கவே வேண்டாம். இந்தியாவின் பிரத்யேகப் பொருளாதாரக் கடல் எல்லையில் கிட்டத்தட்ட ஆறு லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது ஏறத்தாழ முப்பது சதவீதம், இந்தத் தீவுகளைச் சுற்றித்தான் இருக்கிறது. வஞ்சிரமும் கொடுவாவும் விலை கூடிய மீன்கள். இதயத்துக்கு நல்ல ஒமேகா-3 கொழுப்பு மலிவான மத்தியிலும் சூரையிலும் தாராளமாக இருக்கிறது. இவற்றை வாங்கி, வறுவலுக்குப் பதிலாகக் குழம்பு, அவியல், வாழையிலையில் வைத்துத் தோசைக்கல்லில் சுடுவது என்று மாற்றினால், கோழிக்கும் ஆட்டுக்கும் கொடுக்கும் காசும் மிஞ்சும்.

ஐந்து மணிச் சூரியன்

நடக்க நேரமில்லை, மழை விடுவதில்லை என்ற இரண்டு குறைகளையும் தீவில் அடிக்கடி கேட்கிறோம். மழை உண்மைதான், வருடத்தில் ஏழெட்டு மாதம். நேரத்தைப் பற்றி மட்டும் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. நாம் நாட்டின் கிழக்கு ஓரத்தில் இருந்தும் அதே இந்திய நேரத்தில் கடிகாரம் வைத்திருக்கிறோம். டிசம்பரில் சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கிவிடுகிறது. அலுவலகம் விட்டு வந்து நடக்கலாம் என்று நினைப்பவரின் திட்டம் அங்கேயே படுத்துவிடும். ஆனால் கோடையில் காலை ஐந்து மணிக்கே வெளிச்சம். மெயின்லேண்டில் இருளில் நடக்கும் நேரத்தில் இங்கே வெயிலுக்கு முந்தைய நல்ல வெளிச்சத்தில் நடக்கலாம். வாரத்துக்கு 150 நிமிடம், மூச்சு சற்று வாங்கும் வேகத்தில் நடந்தால் போதும். பத்துபஸ்தியின் ஏற்ற இறக்கமான தெருக்களில் அந்த வேகம் தானாக வந்துவிடும். மழை நாளில் வீட்டு வராந்தாவிலும் மாடிப்படியிலும் நடக்கலாம்.

புகையிலையில் மட்டும் ‘கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்ல மனம் வரவில்லை. முழுவதும் விட வேண்டும். வெற்றிலையோடு மெல்லுவதைப் பலர் புகைப்பதைவிடச் சாதுவான பழக்கமாக நினைக்கிறார்கள். புகையிலை சேராத பாக்குமே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அறிவித்து இருபது ஆண்டுகளாகிவிட்டன. நம் தோப்பில் விளைகிற பாக்கு என்பதால் அந்த உண்மை மாறாது. 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் புகையிலையை விட உதவி செய்கிறார்கள்.

மருந்தில்லாமல் முடியுமா?

முடியும் என்பதைச் சென்னையே காட்டியிருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த ‘இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம்’ 2006இல் தன் முடிவுகளை வெளியிட்டது. சர்க்கரை நோய் வரும் விளிம்பில் இருந்த 531 பேரை நாலு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான பொது ஆலோசனை மட்டும். இன்னொரு பிரிவுக்குச் சாப்பாட்டை மாற்றுவதும் தினம் அரை மணி நேர நடையும். மூன்றாவதுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நாலாவதுக்கு இரண்டும். மூன்று ஆண்டுக்குப் பின் பார்த்தால், முதல் பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. சாப்பாடும் நடையும் மாற்றியவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன்தான். இரண்டையும் சேர்த்தும் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை.

இந்த ஆய்வில் நான் திரும்பத் திரும்ப வியக்கும் செய்தி ஒன்று உண்டு. வாழ்க்கைமுறையை மாற்றிக்கொண்டவர்களின் உடல் எடை பெரிதாகக் குறையவில்லை, ஆனாலும் நோய் விலகி நின்றது. இரண்டு வாரம் நடந்துவிட்டு, எடை பார்க்கும் மெஷினில் முள் நகரவில்லை என்று சோர்ந்து நிறுத்திவிடுகிறவர்கள் இதை மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். முள் நகராத நாளிலும் உள்ளே நல்லது நடக்கிறது. சீனாவின் டாசிங் நகரில் 1986இல் தொடங்கிய இதே மாதிரியான ஆய்வில், ஆறு ஆண்டு பழக்கிய பழக்கத்தின் பலன் முப்பது ஆண்டு கழித்தும் தெரிந்தது. சர்க்கரை நோய் வருவது சராசரியாக நாலு ஆண்டு தள்ளிப்போனது, மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்தன.

நோய் ஏற்கெனவே வந்தவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்த வேண்டாம். மாத்திரையோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அளவைக் குறைப்பதா வேண்டாமா என்று மருத்துவர் சொல்வார்.

ஒரு படிவம்

முப்பது வயது தாண்டிய எல்லோருக்கும் அரசு சுகாதாரப் பணியாளர்கள் நிரப்பும் ஒரு படிவம் உண்டு. வீட்டில் உட்கார்ந்து நாமே மதிப்பெண் போட்டுப் பார்க்கலாம். உதாரணத்துக்கு, 42 வயது ஆண் ஒருவர். வயதுக்கு 2. தினமும் புகையிலை என்பதால் 2. இடுப்புச் சுற்றளவு 94 சென்டிமீட்டர், 90ஐத் தாண்டியதால் 1. வாரத்துக்கு 150 நிமிட நடை இல்லை, அதற்கு 1. கூட்டினால் 6. குடும்பத்தில் யாருக்கும் சர்க்கரையோ பிரஷரோ இதய நோயோ இல்லை என்றே வைத்துக்கொள்வோம், இருந்திருந்தால் இன்னும் 2 சேரும். நாலைத் தாண்டினால் முன்னுரிமையோடு பரிசோதனைக்குப் போக வேண்டும் என்கிறது படிவம். இந்த ஆறில் அவரால் மாற்ற முடியாதது வயதுக்கான இரண்டு மட்டும்தான். மீதி நாலும் அவர் கையில். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லை 80 சென்டிமீட்டர். தையல்காரரின் டேப் போதும், தொப்புள் மட்டத்தில் அளந்தால் தெரிந்துவிடும்.

உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் வலி கொடுக்காது, தலை சுற்றாது. பல பேருக்கு முதல் அறிகுறியே பக்கவாதம்தான். அளந்தால் மட்டுமே தெரியும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், வீட்டு வாசலுக்கே போய் அளந்து, மாத்திரையும் கொடுக்கிறது. 2024இல் அதற்கு ஐ.நா. விருதும் கிடைத்தது. வீடுகள் நெருக்கமாக உள்ள பத்துபஸ்தி போன்ற இடத்தில் இதே முறையை முழு வீச்சில் நடத்துவது தீவு நிர்வாகத்துக்குக் கடினமாக இருக்காது. கோயில் திருவிழாவில், தமிழ்ச் சங்கக் கூட்டத்தில், பள்ளி ஆண்டு விழாவில் ஒரு மேசை போட்டு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஏற்பாடு செய்வது நம் சங்கங்களால் இந்த மாதமே முடியும். அன்னதானத்தில் சோற்றோடு ஒரு கீரைக் கூட்டும் சுண்டலும் சேர்ப்பதும் அவர்களால் முடியும்.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் வாரத்திலேயே, வீட்டில் முப்பது வயது தாண்டிய ஒவ்வொருவரும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து வாருங்கள். அளவை வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள். எதிர்வீட்டுப் பெரியவரையும் கூட அழைத்துப் போங்கள், பரிசோதனைக்குக் காசு கிடையாது.